ஆறிப்போன சிறுநீர்

அவன் என்றுதான் எழுதுவேன். மரியாதையெல்லாம் நேரில் பேசும்போது மட்டும். ராஜபாளையத்தில் நாய்க்குட்டி விற்கிறவன். எனக்கு விற்ற வெள்ளைக் குட்டி மஞ்சள் காமாலை கண்டு என் மடியிலேயே செத்தது. கேட்கப் போனேன். "வளக்கத் தெரியாதவுக எதுக்கும்மா நாய் வாங்குதீக? தாய்நாயை லேப்ல பாத்து, கிருமி இல்லைன்னு எழுதியே குடுத்திருக்காக" என்று தெருவே பார்க்கச் சிரித்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கால்நடை லேபில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அவனுடைய தகிடுதத்தம் விளங்கியது. என் குட்டிக்குக் காமாலை வந்தது எலிக்காய்ச்சலால், தாயின் சிறுநீர் வழியாக ஒட்டுவது. அந்தக் கிருமி மகா மெலிசு. வழக்கமான சாயத்துக்குப் பிடிபடாது. அதனால் டார்க்ஃபீல்டு மைக்ராஸ்கோப்பில் சாயமே போடாமல், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டுப் பார்ப்போம். சுற்றிலும் இருட்டாகிவிடும், கிருமி மட்டும் மின்னிக்கொண்டு சுழலும். ஆனால் சிறுநீரைச் சூடு ஆறுவதற்குள் பார்க்க வேண்டும். நேரமானால் கிருமி செத்து, ஒன்றும் தெரியாது. அடப்பாவி, முந்தின நாள் பிடித்ததைக் கொடுத்தல்லவா 'இல்லை' என்று எழுதி வாங்கியிருப்பான்!

போன மாதம் எங்கள் லேபுக்கே வந்தான். கூடவே குட்டி வாங்கப்போகிற சேத்தூர்க்காரர், தன் சின்ன மகளோடு. பக்கத்துக் கால்நடை ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போடுவதற்காகத் தாய்நாயையும் கூட்டி வந்திருந்தான். கையில் ஒரு பாட்டில், முன்பே பிடித்து ஆறிப்போன சிறுநீரோடு. என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரியாமல் இருக்குமா?

"பாட்டில் வேண்டாம் அண்ணாச்சி. நாய்தான் வந்திருக்கே, இப்பமே பிடிப்போம்."

"அது எதுக்கும்மா? இதான் இருக்குல்லா?"

"செத்த நேரந்தான் ஆகும்."

"பிடிங்கம்மா, பாத்துருவோம்" என்றார் சேத்தூர்க்காரர்.

வாசலில் நாய் ஒண்ணுக்கு இருந்தது. கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு உள்ளே ஓடினேன். ஒரு சொட்டு வைத்துக் குனிந்தால், கருப்புக்குள் வெள்ளை நூல்கள், நுனி கொக்கியாக வளைந்து, துள்ளு துள்ளென்று துள்ளின. ஒரு கிருமியைக் கண்டு அம்புட்டு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

"நீங்களே வந்து பாருங்க" என்று சேத்தூர்க்காரரைக் கூப்பிட்டேன். பார்த்தார். எலிக்காய்ச்சல் கிருமி, மனுசருக்கும் ஒட்டும் என்று சொன்னேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

நான் அவன் பக்கம் திரும்பினேன். இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த வசவையெல்லாம் கொட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் நாயின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டான்:

"இது பிழைச்சிருமாம்மா?"

"பிழைச்சிரும். ஊசி இருக்கு" என்றேன். "நீங்க எனக்கு வித்த வெள்ளைக் குட்டிக்கும் இதே ஊசிதான் அண்ணாச்சி. தெரிஞ்சிருந்தா போட்டிருப்பேன்."