எரிந்த வீடுகளுக்கு மட்டும்

ராமாயிக்குக் கோபம் வந்தால் கடம்பங்குடி முழுக்கத் தெரிந்துவிடும். நடவுப் பெண்களுக்கு அவள்தான் தலைவி. மிராசுதாரின் காரியக்காரர் கூலியில் கை வைத்தால், கையிலிருக்கும் நாற்று முடியை அப்படியே சேற்றில் போட்டுவிட்டு வரப்பில் ஏறி நின்றுகொள்வாள். அவள் ஏறினால் மற்றவர்களும் ஏறுவார்கள். செங்கொடிச் சங்கம் வாங்கித் தந்ததில் பாதியை அவள் வாய்தான் வாங்கித் தந்தது என்று தெருவில் சொல்வார்கள். புருஷன் இளம் வயதிலேயே போய்விட்டான். ஒரே மகளைச் சுவாமிமலைப் பக்கம் கட்டிக் கொடுத்தாயிற்று. மிச்சம் இருந்தது ஒரு கூரை வீடும் அந்தத் தொண்டையும்தான். இரண்டும் ஒரே நாளில் போயின.

அந்தத் தெருவே கூரை வீடுகள்தான். மேற்கே களத்தில் தொடங்கிக் கிழக்கே குளக்கரை வரை, ஒரு வீட்டுத் தாழ்வாரம் அடுத்த வீட்டுத் தாழ்வாரத்தை இடித்துக்கொண்டு நிற்கும். ஓடு போட யாருக்கும் ஆசை இல்லாமல் இல்லை. குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று சென்னையில் சட்டம் போட்டார்கள். தெரு முனையில் கறுப்பு சிவப்புக் கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, ஒலிபெருக்கி கட்டி ஒரு கூட்டமும் போட்டார்கள். மிட்டாய் கரைவதற்குள் மிராசுதார் தஞ்சாவூர்க் கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார். தீர்ப்பு வரும் வரை அங்கே ஒருவரும் செங்கல் வைக்கக் கூடாது, ஓடு ஏற்றக் கூடாது. வக்கீல்கள் வாய்தா மேல் வாய்தா வாங்கிக்கொண்டிருந்தார்கள். சட்டம் போட்டவர்களுக்கும் தடை வாங்கியவருக்கும் தலைக்கு மேல் ஓடு இருந்தது; அவர்களுக்கு என்ன அவசரம்?

வைகாசி பிறந்தால் தெருவுக்கு அடிவயிற்றில் பயம். ஆற்றில் மணல்தான் ஓடும். குளத்தில் முழங்கால் அளவு சேறு கிடக்கும். மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்குள், மேல்காற்று முதலில் வந்து நிற்கும். பகலெல்லாம் பேய்க்காற்று. அந்த மாதங்களில் தெருவுக்கென்று ஒரு கட்டுப்பாடு உண்டு. காற்று எழும்புவதற்குள் உலையை இறக்கி, அடுப்பில் தண்ணீர் தெளித்துவிட வேண்டும். அதன்பிறகு பொழுது சாயும் வரை ஒரு வீட்டிலும் நெருப்பு இருக்கக் கூடாது. பீடிகூடத் தெருவுக்கு வெளியேதான். வீட்டுக்கு வீடு ஒரு நீளத் துறட்டி சாத்தியிருக்கும். அது தீயை அணைக்க அல்ல. தீ போகிற வழியில் இருக்கிற வீட்டுக் கூரையை அதற்கு முன்னால் இழுத்துப் பிரித்துப் போட. இடையில் ஒரு வீடு கூரை இல்லாமல் நின்றால் தீ தாண்டாது.

அந்த வருஷம் மேற்குக் கோடியில் யாரோ நெல் அவித்த அடுப்பைச் சரியாக அணைக்கவில்லை. பொறி பறந்தது. ஆட்கள் ஓடி வருவதற்குள் ஏழு வீடு வரிசையாகப் பற்றிக்கொண்டது. எட்டாவது ராமாயியுடையது. அதற்குக் கிழக்கே தெருவின் பெரும்பகுதி. யார் வீட்டைப் பிரிப்பது என்று ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? எவ வீட்டுல கல்யாணம்? என் வீட்ட இழுங்கடா!" என்று கத்திவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு அவளே உள்ளே புகுந்தாள். கூரையை மூங்கிலோடு சேர்த்துக் கட்டியிருக்கும் கயிற்றை உள்ளே இருந்து அறுத்தால்தான் துறட்டிக்குச் சீக்கிரம் வரும். அடுத்த வீடு எரிந்த புகை முழுவதும் அவள் வீட்டுக்குள் அடைந்திருந்தது. கடைசிக் கயிற்றை அறுத்துவிட்டு வெளியே வந்து விழுந்தபோது அவளுக்குக் கண்ணும் தெரியவில்லை, பேச்சும் வரவில்லை. தீ அவள் வீட்டைத் தாண்டவில்லை.

மறுநாள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் தியாகராசன் வந்தார். கெட்ட மனிதர் அல்ல. எரிந்தவர்களைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. எரிந்த வீட்டுக்காரர்களுக்கு அரிசி, வேட்டி, சேலை. அதோடு வாய்க்கால் கரைப் புறம்போக்கில் காலனி கட்டி ஆளுக்கொரு ஓட்டு வீடு தரச் சர்க்கார் உத்தரவு. கோர்ட்டுத் தடை அங்கே செல்லாது. ஓட்டு வீடு என்றதும் ராமாயிக்குத் தொண்டை எரிச்சல்கூட மறந்துபோயிற்று. தியாகராசன் அவள் வீட்டு முன்னால் வந்து நின்று, தரையில் கிடந்த கீற்றைச் செருப்பு நுனியால் புரட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இது எரிஞ்ச வீடா?"

"எரியலைங்க. எரியக் கூடாதுன்னு பிரிச்சதுங்க."

"அப்ப எரியலை."

"நான் பிரிக்கலேன்னா இந்தத் தெருவே எரிஞ்சிருக்குங்கய்யா."

"எரிஞ்சிருக்கும்னு எழுத முடியாதும்மா. எரிஞ்சதைத்தான் எழுத முடியும்."

தீயை ஏழாவது வீட்டோடு நிறுத்தியவளுக்கு ஒன்றும் இல்லை. அடுப்பை அணைக்காமல் போன வீட்டுக்கு ஓட்டு வீடு. ராமாயி தாலுக்கா ஆபீஸுக்கு நடையாக நடந்தாள். ஒருவர் வியாழக்கிழமை வரச் சொன்னார். வியாழக்கிழமை போனால் அவர் முகாமுக்குப் போயிருந்தார். ஜமாபந்தியில் பெரிய அதிகாரிகள் உட்கார்ந்திருந்தபோது மனு கொடுத்தாள். சொந்தக் கையால் பிரித்துக்கொண்ட கூரைக்குத் தீ விபத்து நிவாரணம் கிடையாது என்று படித்துக் காட்டினார்கள். சங்கத்தில் சொன்னாள். நியாயமான கோரிக்கை என்று ஒத்துக்கொண்டார்கள். அதற்குள் கூலிப் போராட்டம் வந்துவிட்டது. ஊர்க் கர்ணம் ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "ஒரு ஓரமா கருகியிருந்தாக்கூட நான் பாத்துக்கிட்டிருப்பேன் ராமாயி, கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்" என்றார். கூரையைப் பிரிக்கிற நேரத்தில் ஓரமாகக் கொளுத்திவைத்துக்கொள்ளத் தோன்றாமல் போனது தன் குற்றம்தான் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தாள்.

புகைக்குள் போன அன்றைக்கே இருமல் பிடித்துக்கொண்டது. மேல்காற்றில் புழுதி எழும்பினால் இருமல், பனியில் இருமல், பக்கத்து வீட்டில் அடுப்புப் பற்றவைத்தால் இருமல். தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "புகை உள்ள எறங்கிப்போச்சும்மா. இனிமே புகையில நிக்காதீங்க, விறகு அடுப்புகிட்ட உக்காராதீங்க" என்றார்.

"அப்ப சோறு யாரு பொங்குவா? நீங்களா வருவீங்க?" என்று கேட்டாள் ராமாயி. கேட்டு முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

நடவுக்கு இறங்கினாலும் குனிந்து நிமிர முடியவில்லை. குரல் கரகரத்துப்போனதில் காரியக்காரருக்குத்தான் கொண்டாட்டம். ஓட்டு வீடென்றால் கூரை உயரம், புகை மேலே போய்விடும், நெருப்புப் பயமும் இல்லை. காலனிப் பக்கம் போகும்போதெல்லாம் புது ஓட்டைப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது. அதில் என்ன ஒளிவுமறைவு? யாருக்கும் எரியத்தான் செய்யும்.

அவளுக்குக் கிழக்கே இருந்தவர்களுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சம். ஆளுக்குக் கொஞ்சம் மூங்கிலும் கீற்றும் போட்டு அவளுக்கு மறுபடி கூரை வேய்ந்து கொடுத்தார்கள். அடுத்த வீட்டு முருகையனும் அவன் பெண்டாட்டி அம்சமும் தினம் ஒரு வாய் குழம்பாவது கொடுத்தனுப்பாமல் இருக்க மாட்டார்கள். ராத்திரியில் அவள் இருமுவது இடைச்சுவர் வழியாகக் கேட்கும். "நம்ம வீடு நிக்கிறதுக்கு அந்த அக்கா நெஞ்சக் குடுத்திருக்கு" என்பான் முருகையன். அவன் மனசு தங்கம். தங்கமான மனசுக்காரர்கள் செய்கிற காரியம் சில சமயம் எந்தக் கெட்டவனாலும் செய்ய முடியாது.

மறுவருஷ வைகாசி. எரிந்தவர்கள் காலனிக்குப் போய்விட்டதால் மேற்கே ஏழு மனைகள் காலியாகக் கிடந்தன. காலி இடம் கிடந்தால் சும்மா விடுவார்களா? தெருவே அங்கே விறகுக்கு வைத்திருந்த பருத்திமாரும் வைக்கோலும் கொண்டுபோய் அடுக்கிவிட்டது. வேண்டாம், காற்றுக்கு மேற்கே எரிபொருளைக் குவிக்காதீர்கள் என்று ராமாயி கரகரத்த தொண்டையால் கத்திப் பார்த்தாள். விறகை வேறெங்கே வைப்பது என்று அவளையே திருப்பிக் கேட்டார்கள். ஒருநாள் உச்சிவேளைக்கு யாரோ சாம்பலைக் கொண்டுபோய் அங்கே கொட்டினார்கள். பிறகு விசாரித்தபோது எல்லா வீட்டு அடுப்பும் காலையிலேயே அணைந்துதான் இருந்தது. கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள்.

பருத்திமார் சடசடவென்று பிடித்தது. ராமாயி வீட்டிலிருந்தாள். துறட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, "பிரிங்கடா என் வீட்ட! இன்னும் நேரமிருக்கு!" என்று கத்தினாள். பாதி இருமலாகத்தான் வந்தது.

முருகையன் ஓடி வந்து துறட்டியைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாங்க்கா. எரியட்டும்."

"என்னடா ஒளறுற?"

"போன வருசம் பிரிச்ச. ஒனக்கு என்ன கெடச்சிச்சு? இந்தத் தடவ எரியட்டும். ஒனக்கும் ஓட்டு வீடு வரட்டும். எங்க கூரைய நாங்க நனச்சிக்கிறோம், ஒன் வீட்டோட நின்னுடும்."

"நிக்காதுடா. காத்தப் பாரு!"

"நிக்குங்க்கா. சொன்னாக் கேளு."

அம்சம் வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இன்னும் இரண்டு பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாரும் அழுதுகொண்டே பிடித்துக்கொண்டார்கள். ராமாயி திமிறினாள், வைதாள். ஆனால் ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கும் காலனியின் சிவப்பு ஓடு கண்முன் வந்தது. எரிந்தால்தான் என்ன என்று தோன்றியது. அந்தக் கணத்தில் துறட்டி அவள் கையைவிட்டுப் போய்விட்டது.

குளத்துச் சேற்றைக் குடம் குடமாக மொண்டுவந்து முருகையன் வீட்டுக் கூரை மேல் வீசினார்கள். ராமாயி வீடு பற்றி எரிந்தது. நனைந்த கூரை பற்றிக்கொள்ளவில்லை. நனைந்த கீற்று புகைந்தது. மஞ்சளாக, கெட்டியாக, கண்ணைக் குத்தும் புகை. அந்தப் புகைக்குள்ளேயே பொறி பறந்து அதற்கும் அப்பால் இருந்த கூரைகளில் விழுந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்தபோது நடுத்தெரு பற்றியிருந்தது. அப்போதுதான் முருகையனுக்குப் புத்தி வந்தது. மேலும் பொறி போகாமல் தடுக்கத் தன் வீட்டையாவது பிரித்துப்போட அரிவாளோடு உள்ளே ஓடினான். ராமாயி அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "போவாதடா, பொகை கொன்னுடும்! நான் போயிட்டு வந்தவடா!" என்றாள். உதறிவிட்டுப் போனான். ஆட்கள் அவனைத் தூக்கி வந்தபோது உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை. நல்லவேளை தப்பித்தான் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ராத்திரி முழுவதும் மூச்சுக்குப் பறந்தான். விடிந்ததும் வண்டி கட்டி மாயவரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே போய்ச் சேர்ந்தான்.

தெருவில் ஒரு வீடு மிச்சமில்லை.

முருகையனுக்குப் பால் தெளித்த மறுநாள் தியாகராசன் வந்தார். புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ராமாயியைப் பார்த்ததும் நல்ல சேதி சொல்கிற முகத்தோடு நிமிர்ந்தார்.

"வாம்மா. இந்தத் தடவை உன் வீடு முழுசா எரிஞ்சிருக்கு. ஒரு வில்லங்கமும் இல்லை. முதல் பேரே உன் பேருதான்."

"முருகையன எழுதுனீங்களாங்கய்யா?"

"அவர் வீட்டை எழுதிட்டேன்."

"ஆள?"

தியாகராசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தீயில செத்திருந்தா குடும்பத்துக்குச் சர்க்கார் உதவி உண்டும்மா. ஆனா உடம்புல தீக்காயமே இல்லைன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. மூச்சுத் திணறல்னு குடுத்திருக்காங்க."

"மூச்சு எதனால திணறுச்சு?"

"அது எனக்குத் தெரியாமலாம்மா? நான் என்ன பண்றது? சட்டத்துல புகைன்னு ஒண்ணு இல்லையே."

"எரிஞ்சாத்தான் வீடு, கருகினாத்தான் பொணமாங்கய்யா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ராமாயிக்கு அந்த நாற்காலியை எட்டி உதைக்க வேண்டும்போல் இருந்தது. இந்த மனிதரை உதைத்து என்ன ஆகும், அவருக்கு மேலே இன்னொருவர், அவருக்கும் மேலே இன்னொருவர். யாரும் எதுவும் செய்ததில்லை, எல்லாம் தானாக அப்படித்தான் இருக்கிறது. இருமல் பிடுங்கி எடுத்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று இருமி முடித்தாள்.

"என் வீட்ட அடிச்சிடுங்க. எனக்கு வேணாம். அதுக்குப் பதிலா அவன எழுதுங்க."

"அப்படி மாத்த முடியாதும்மா."

பின்னால் நின்ற அம்சம் முன்னே வந்து அவள் கையைப் பிடித்தாள். அழுது அழுது அவளுக்கும் குரல் கட்டியிருந்தது.

"வாங்கிக்கக்கா," என்றாள். "இது ஒனக்கு வரணும்னுதானே அவரு ஒன்னப் புடிச்சு நிறுத்துனாரு. நீயும் வேணாம்னுட்டா அவரு எதுக்குச் செத்தாரு?"

ராமாயி திரும்பி அவளைப் பார்த்தாள். திட்ட வாய் திறந்தாள். திட்டுவதற்கு அங்கே ஆளில்லை. கட்டைவிரலை நீட்டினாள். தியாகராசன் மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.