பச்சை ஒயரும் வெறுங்காலும்

நகரியில் எங்கள் விசைத்தறிக் கூடத்துக்குள் யாரும் செருப்போடு நுழைய முடியாது. கலெக்டரே வந்தாலும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் வரவேண்டும் என்பார் நைனா, என் அப்பா. கலெக்டர் எதற்கு வரப்போகிறார் என்று நாங்கள் கேட்டதில்லை. இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாத ஒரே ஆள் மாமா. அம்மாவின் தம்பி, ஊரில் பாதி வீடுகளுக்கு ஒயரிங் செய்தவர். ஏணி ஏறுகிறவர் என்பதால் அவருடைய ரப்பர் செருப்பை மட்டும் நைனா கண்டும் காணாமல் விட்டுவிடுவார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஏர்பேடு பக்கம் மூடிக் கிடந்த ஒரு குடோனிலிருந்து நைனா பெரிய ஃபேன் ஒன்றை வாங்கி வந்தார். ஆறு இறக்கை; ஒவ்வொன்றும் எங்கள் வீட்டுக் கதவைவிட நீளம். மாமா அதைக் கூரையின் இரும்புச் சட்டத்தில் மாட்டினார். ஒரு பச்சை ஒயர் மட்டும் மிஞ்சியது. அது இல்லாமலே ஃபேன் அழகாகச் சுற்றியதால், சுருட்டி டேப் ஒட்டி மேலேயே விட்டுவிட்டார்.

காற்றென்றால் அப்படி ஒரு காற்று. ஆனால் காற்றில் தறியில் ஓடும் பாவு நூல் காய்ந்து அறுந்துபோகும். அதனால் அம்மா தரையில் முன்னைவிட அதிகமாகத் தண்ணீர் தெளித்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நடுவில் கூரைச் சட்டத்தைத் தாங்கி நின்ற இரும்புத் தூணில் சாய்ந்துகொண்டு, ஃபேனுக்கு நேர் கீழே வீட்டுப்பாடம் எழுதினேன்.

மூன்றாம் நாள் அந்தத் தூணைப் பிடித்த அம்மா கையை உதறினாள். சுர்ரென்றது என்றாள். நைனாவுக்கும் சுர்ரென்றுதான் இருந்திருக்கிறது. ஃபேனை வாங்கியவர் அவராயிற்றே, வாயைத் திறக்கவில்லை. அம்மா என்னை உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டு மாமாவுக்கு ஆள் அனுப்பினாள். மாமா வந்து தூணை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக் காட்டினார்.

“ஒண்ணும் இல்லக்கா. சும்மா பயந்துக்கினு கீறீங்க.”

அம்மா தூணைப் பார்க்கவில்லை. மாமாவின் காலைப் பார்த்தாள்.

“தறிகிட்ட என்னாடா செருப்பு? அவுத்துட்டு வா.”

மாமா முணுமுணுத்துக்கொண்டே கழற்றிவிட்டு வந்து ஈரத்தரையில் நின்றார்.

“இப்ப தொடு. புறங்கையால தொடு.”

தொட்டவர் துள்ளி நூல் மூட்டையின் மேல் போய் விழுந்தார். வாசலில் நின்ற நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. மாமா எழுந்து மெயினை அணைத்தார். பிறகு தூணடியில் கிடந்த என் நோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவரே கூடத்துக்கு வெளியே ஆள் உயரத்துக்குக் குழி தோண்டினார். இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்புமாக அடுக்கி மூடினார். பச்சை ஒயரை அதில் கொண்டுவந்து சேர்த்தார்; அதுதான் எர்த் ஒயராம், கசிவை மண்ணுக்குள் இறக்கிவிடுமாம். கரென்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச் ஒன்றையும் மாட்டினார். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார். வெயில் காலத்தில் அந்தக் குழிக்குத் தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பாயிற்று. உப்புக்கு எதற்குத் தண்ணீர் என்று எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகும் தினமும் காலையில் மெயினைப் போட்டதும் அம்மா தனியாக உள்ளே போவாள். தூணைப் புறங்கையால் தொடுவாள். பிறகுதான் எங்களை விடுவாள். தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடு எங்களுடையது. இதுவும் கும்பிடுவதுதான் என்று நினைத்தேன். ஒருநாள் அவளுக்கு முன்னால் ஓடிப்போய், பக்தியோடு இரண்டு உள்ளங்கைகளையும் தூணில் வைத்தேன். கன்னத்தில் பளாரென்று விழுந்தது. கும்பிட்டதற்கு அடிக்கிறாளே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை.

இப்போது திருப்பதிக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அங்கும் தலைக்கு மேல் அதே மாதிரி ஃபேன்கள். சேர்ந்த புதிதில் பாதுகாப்பு வகுப்பு எடுத்தார்கள். உள்ளங்கையில் கரென்ட் பட்டால் விரல்கள் தானாக இரும்பை இறுக்கிக்கொள்ளும், விட முடியாது என்றார்கள். எந்தக் கையாலும் தொட்டுப் பார்க்கவே கூடாது, அதற்கு மீட்டர் இருக்கிறது என்றார்கள்.

எங்கள் கூடத்தில் மீட்டர் இல்லை. அம்மாதான் இருந்தாள்.