பன்னிரண்டாம் பாகமும் நாலு நாற்காலியும்

வீடியோ கேம் கடை நடத்துகிறவன் நிம்மதியாக உட்கார்ந்து விளையாடி நான் பார்த்ததில்லை. அவனுக்கு வாசலைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும். எந்தக் கடையிலாவது உட்கார்ந்து, படியேறும் செருப்புச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தவர்கள் நீங்கள் என்றால், என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

செல்போன் எல்லோர் கைக்கும் வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. திருப்பூர் மங்கலம் ரோட்டில் ஒரு மாடி அறை, நாலு டி.வி., நாலு நாற்காலி. வருகிறவர்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனி ஆட்கள். வாளும் மந்திரமும் அரக்கர்களுமாக வருடக்கணக்கில் நீண்டுகொண்டே போகும் ஒரு விளையாட்டுத் தொடர்தான் எனக்குச் சோறு போட்டது. அதன் பன்னிரண்டாம் பாகம் வந்ததும் கோயம்புத்தூருக்கு ஓடி, கையிலிருந்த பழைய பாகங்களைக் கொடுத்துவிட்டு அதை மாற்றி வாங்கிவந்தேன். நாலு டி.வி.யிலும் அதுவே ஓடியது.

அதே வாரம் கட்டட ஓனர் பழனிச்சாமி அண்ணன் படியேறி வந்தார். துணி பின்னும் நிட்டிங் கம்பெனி வைத்திருப்பவர். நெற்றி நிறையத் திருநீறு, பேச்சில் அத்தனை மரியாதை. "ஞாயித்துக்கெழமை வந்து பாக்கறனுங்க. சேர் ரொம்பியிருந்தா கடைய நீங்களே நடத்துங்க. காலியா கெடந்தா ரூமைக் குடுத்துருங்க, ஓவர்லாக் தையல் மிஷின் போடோணுமுங்க."

நிற்காத அரக்கன்

அந்தோணி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த டெய்லர். டி-ஷர்ட்டுக்குக் கை மாட்டுவது அவர் வேலை. பழைய பாகங்களில் சண்டை முறை வைத்து நடக்கும். நாம் ஒரு வெட்டு, அரக்கன் ஒரு வெட்டு. நாம் உத்தரவு கொடுக்கும்வரை அவன் வாளை ஓங்கியபடியே நிற்பான். அந்தோணி பருப்பு வடையைக் கடித்துக்கொண்டு, யோசித்து யோசித்து வெட்டுவார்.

புதிய பாகத்தில் அந்தக் காத்திருப்பு கிடையாது. வடையைக் கீழே வைப்பதற்குள் அந்தோணியின் வீரன் செத்தான். மறுபடி எழுப்பினார், மறுபடியும் செத்தான். கையிலிருந்த கன்ட்ரோலரை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"கம்பெனியில தையல் லைன் எனக்காவ ஒரு நிமிசம் நிக்காது அண்ணாச்சி. இங்க அரக்கனாவது நான் சொல்லுத வரைக்கும் நின்னான். அவனையும் கெடுத்துட்டியளே!"

பிரபு பார்த்த சாம்பிள்

பிரபு ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு சாம்பிள் அனுப்பி, திட்டு வாங்கி, மறுபடி அனுப்புவது அவர் பிழைப்பு. என் கடையில் அவர் உட்கார்ந்ததே இல்லை. ஆபீஸ் இன்டர்நெட்டில் நாலு பேர் எழுதியதைப் படித்துவிட்டு வந்து, நாற்காலிக்குப் பின்னால் நின்று உரக்கக் கருத்துச் சொல்வார். படம் அருமை, இசை அருமை, கதைதான் பாதியில் படுத்துவிட்டதாம். படியேறி வந்த இரண்டு பேர் அதைக் கேட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். விட்டால், வாயை மூடச் சொல்லி அவர் காலிலேயே விழுந்திருப்பேன். அந்த விளையாட்டை நானே தைத்துக் கொண்டுவந்தது போல என்னைப் பார்த்தார்.

"ஷேடு ஓகேங்க, ஃபினிஷிங்கும் ஓகேங்க. ஃபிட்டிங்தான் ஒத்து வரலீங்க. வேற சாம்பிள் காட்டுங்க."

கை வைக்காத கனகராஜ்

கடையில் அந்தப் பாகத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர் ஒரே ஒருவர், நிட்டிங் ஆப்பரேட்டர் கனகராஜ். அதில் ஒரு வசதி உண்டு. அரக்கனைக் கண்டால் வெட்டு, உயிர் குறைந்தால் மருந்து குடி என்று வீரர்களுக்கு முன்கூட்டியே விதி எழுதி வைக்கலாம். பிறகு அவர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள். கனகராஜ் நெடுநேரம் விதிகளைத் திருத்துவார். முடிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, சத்தத்தை மட்டும் கேட்பார். விளையாட வந்தவர் விளையாடாமல் இருக்கிறாரே என்று எனக்குத்தான் பதற்றமாக இருந்தது.

"மிஷின் ஓடறப்ப கை வெச்சா, செட்டிங் தப்புன்னு அர்த்தமுங்க."

ஞாயிற்றுக்கிழமை

அந்தோணி வரவில்லை. அவரோடு வருகிறவர்களும் வரவில்லை. கனகராஜ் மட்டும் வந்தார். விதிகளை எழுதி, சண்டையை ஓடவிட்டு, நான் கெஞ்சக் கெஞ்ச டீ குடிக்கக் கீழே இறங்கிவிட்டார். படியில் மறுபடி செருப்புச் சத்தம். ஆவலோடு எட்டிப் பார்த்தேன். பழனிச்சாமி அண்ணன்.

நாலு நாற்காலியும் காலி. ஒரு டி.வி.யில் மட்டும் வீரர்கள் தாமாகவே அரக்கர்களை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் திரைக்கு அருகே போய்க் குனிந்தார்.

"ஆளெங்கீங்க?"

"டீ குடிக்கப் போயிருக்காருங்க. ஆளில்லாமலே ஓடுமுங்க."

"நடுவுல ஏதாச்சும் கோளாறாச்சுன்னா?"

"தானே மருந்து குடிச்சுக்குமுங்க."

அண்ணன் முகம் மலர்ந்தது. தன் கம்பெனியில் ஓர் ஆள் பல மெஷின்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டவர் அவர். தப்பித்தேன் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து அறையை ஒருமுறை அளந்தார்.

"அருமையான கேமுங்க! ஆளே வேண்டாமுன்னா நாலு சேர் எதுக்குங்க? ஒரு டி.வி.ய நீங்க வெச்சுக்குங்க, மீதி எடத்துல நான் ஓவர்லாக் போட்டுக்கறனுங்க."

ஒரே டி.வி.

அப்படித்தான் ஆனது. அறைக்கு நடுவே ஒரு தடுப்பு, அந்தப் பக்கம் மெஷின்கள், இந்தப் பக்கம் நானும் ஒரு டி.வி.யும். பழைய பாகம் ஒன்றைத் தேடிப் பிடித்து வந்தேன். ஞாயிறு கனகராஜுக்காகப் பன்னிரண்டாம் பாகம், மற்ற நாட்களில் பழையது. ஓவர்லாக்கில் வேலைக்கு வந்து சேர்ந்த டெய்லர்களில் அந்தோணியும் ஒருவர். டீ நேரத்தில் வந்து ஒரு வெட்டு வெட்டுவார். பெல் அடித்ததும் உள்ளே ஓடுவார்.

"அணைச்சிராதீய அண்ணாச்சி, அவன் எனக்காவத்தான் நிக்கான்."

பன்னிரண்டாம் பாகம் நல்லதா கெட்டதா என்று ஊரில் இன்னும் சண்டை ஓயவில்லை, நான் மட்டும் வாளை ஓங்கிய ஓர் அரக்கனைக் காவல் காத்துக்கொண்டு இன்னமும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.