நாற்பத்து மூன்று வீட்டுக்கு ஓர் அரசியல் சட்டம்

இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு அரசியலமைப்புச் சட்டம் நடத்துகிறேன். இப்போது கொடைக்கானலில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். அதனால் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குப் புதுச் சட்டம் எழுத ஆள் தேடியபோது நேரே என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். வந்தவர் சங்கத் தலைவர், என் அப்பாவின் தம்பி. "நாட்டுக்கு எழுதி வச்சிருக்காங்கல்ல தாயி, அதே கணக்கா நமக்கும் ஒண்ணு எழுதிக் குடு," என்றார் சித்தப்பா, ஏதோ இட்லி மாவு கேட்க வந்தவர் மாதிரி.

எங்களுடையது நாற்பத்து மூன்று வீடு. எல்லாம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய குடும்பங்கள். பாதிப் பேர் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு ஜீப்பில் வேலைக்குப் போகிறார்கள். மீதிப் பேருக்குக் கொடைக்கானல் ஓட்டல்களும் காய்கறி மண்டியும். நிலம் மொத்தமும் சங்கத்தின் பேரில் இருக்கிறது. எந்த வீடு யாருக்கு என்பதைச் சங்கத்தின் சட்டம்தான் சொல்லும். பழைய சட்டம் இரண்டே தாள். அதன்படி வீடு மகனுக்கு. மகன் ஊரில் இல்லையென்றால் வீடு சங்கத்துக்குத் திரும்பும். வயது வந்த எல்லாரும் உறுப்பினர்கள்தான், ஆனால் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்த அன்றைக்கே பதிவேட்டில் அவள் பெயர் மேல் கோடு விழும்.

என் பெயர் மேலும் விழுந்தது. பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த வீட்டுக்கு வாழப்போனேன், ஒத்துவரவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் திரும்பி வந்து அம்மாவோடு இருந்தேன். போன வருடம் அம்மா போய்விட்டாள். தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், இனி மலை ஏறி வரப்போவதில்லை. ஆகப் பழைய சட்டப்படி நான் வீட்டைக் காலி செய்ய வேண்டியவள். யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

அப்படிப்பட்டவள் கையில் பேனாவைக் கொடுத்தால் சும்மா இருப்பேனா? ஒன்பதாவது விதியை இப்படி எழுதினேன்: வீட்டில் குடியிருக்கும் பிள்ளைக்கே வீடு, மகனானாலும் மகளானாலும். எனக்காகத்தான் எழுதினேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. என்னைப்போல இன்னும் நாலைந்து பெண்கள் இருந்தார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

எட்டு ஞாயிற்றுக்கிழமை சண்டை நடந்தது. மாரியம்மன் கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகைதான் எங்கள் சபை. முகப்புரையை 'நாங்கள்' என்று தொடங்கியிருந்தேன். "யாரு அந்த நாங்க? இங்க வந்து பொறந்ததுகளும் சேத்தியா?" என்று ஒரு காலை முழுக்க அதிலேயே போனது. அடுத்தவர் கொல்லையில் ஆடு மேய்ந்தால் என்ன செய்வது என்ற விதிக்குக் கைகலப்பே வந்திருக்கும். எல்லாவற்றையும் ஒருவழியாகத் தாண்டி ஒன்பதுக்கு வந்ததும் சித்தப்பா எழுந்தார்.

"பொம்பளப் புள்ளைக்கு வீடுன்னா மருமகனும் கூட வருவான். வெளியூர்க்காரன். அவனுக்கு இந்த மண்ணு எப்புடிக் கெடச்சுச்சுன்னு தெரியுமா? ரெண்டே வருசத்துல ஹோம்ஸ்டே போர்டு தொங்கும். கீழ எத்தன ஊரு அப்புடிப் போயிருச்சு, நீங்களே பாக்கல?"

அது பொய்யான பயம் இல்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் விடவில்லை. "மகன் மட்டும் விக்க மாட்டானா சித்தப்பா? பொம்பளைக்குத்தான் காசு ஆசையா?" என்றேன். பின்வரிசையில் பெண்கள் சிரித்தார்கள். சித்தப்பா முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. "டீச்சர் பள்ளிக்கூடத்துல பேசுற மாதிரிப் பேசுது," என்று உட்கார்ந்தார்.

ஒன்பதாம் ஞாயிறு ஓட்டு. கை தூக்கச் சொன்னால் பிறகு ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள் என்று சித்தப்பா புது ஏற்பாடு செய்தார். நான் பதிவேட்டிலிருந்து ஒவ்வொரு பெயராக வாசிக்க வேண்டும். ஒத்துக்கொள்ளாதவர்கள் தங்கள் பெயர் வரும்போது 'இல்ல' என்று சொல்ல வேண்டும், சொல்லாதவர்கள் ஒத்துக்கொண்டதாகக் கணக்கு. யார் எந்தப் பக்கம் என்று ஊரறியத் தெரிந்துவிடும் அல்லவா, புருசனுக்கு எதிராகப் பெண்கள் நிற்க மாட்டார்கள், அதுதான் அவர் கணக்கு.

முதல் பெயரை வாசித்தேன். குடியிருப்பிலேயே மூத்தவர். சட்டென்று எழுந்து, "இருக்கேங்க," என்றார்.

தோட்டத்தில் வெள்ளனே ஆள்களைக் கூட்டிப் பெயர் வாசிப்பதைப் பெரட்டு என்பார்கள். பெயர் வந்ததும் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு நிற்க வேண்டும். யாருக்கு என்ன வேலை என்று அதற்குப் பிறகுதான் பிரிப்பார்கள். அங்கே தேயிலையில் பழகியது, இங்கே காப்பியிலும் அதேதான். பெரியவர் வாய் தன்னால் பேசிவிட்டது. அடுத்தவரும் "இருக்கேன்" என்றார். அதற்கடுத்தவரும். காலேஜ் படிக்கிற பிள்ளைகள்கூட முன்னால் போகிறவரைப் பார்த்து அதையே சொன்னார்கள். ஓட்டு இனிமேல்தான் போலிருக்கிறது என்று பாதிப் பேர் நினைத்திருக்க வேண்டும். சித்தப்பாவின் பெயரை வாசித்தேன். எங்கோ யோசனையாக, "இருக்கேன்," என்றார்.

எனக்கு மூன்றாவது பெயரிலேயே விளங்கிவிட்டது. ஆனால் வாசிப்பதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு டிக். நூற்றெட்டுப் பெயர், என் பெயர் இல்லாத பட்டியல்.

பதிவேட்டை வாங்கிப் பார்த்த சித்தப்பா திகைத்துப் போனார். ஓர் 'இல்ல'கூட இல்லை. தானும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆனால் ஏற்பாடு அவருடையது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. சட்டம் பாஸாயிருச்சு," என்றார். பிடிக்காதவர்கள் ஒவ்வொருவரும் அக்கம்பக்கம் பார்த்தார்கள். மற்ற எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் போல, நாம் ஒருத்தர் எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். ஆக, வீடு என்னுடையதாகிவிட்டது. மார்பில் கிடந்த கல்லை யாரோ எடுத்த மாதிரி இருந்தது. டீ வந்தது, வாங்கிக் குடித்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எதிர்வீட்டு அக்கா. பத்து வயதில் கப்பலேறி வந்தவள், இன்றைக்கும் காப்பிப் பழம் பறிக்கப் போகிறவள். டம்ளரை ஊதிக்கொண்டே, "அங்கயும் இப்புடித்தான் புள்ள," என்றாள். "ஒரு நா பேர வாசிச்சாங்க. எங்கய்யா இருக்கேங்கன்னாரு. எதுக்குன்னு யாரு கேட்டா? அம்புட்டுத்தேன், எங்கள ஏத்தத் தலைமன்னாருல கப்பல் நிக்குது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்னைக் குத்திக்காட்ட அவள் சொல்லவில்லை. அவளும் ஒன்பதாம் விதியின் பக்கம்தான்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். இந்தியாவும் இலங்கையுமாக இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, இவர்களை யாருமே கேட்காமல் கடல் கடத்திய கதையை வருடாவருடம் வகுப்பில் ஆத்திரமாகச் சொல்கிறவள் நான். அதே வேலையை ஒரு பேனாவை வைத்துக்கொண்டு இப்போதுதான் செய்து முடித்திருந்தேன். அவமானமாக இருந்தது.

எழுந்து நின்றேன். "ஓட்டு இன்னும் நடக்கல. நீங்க எல்லாரும் பெரட்டுக்குப் பதில் சொல்லியிருக்கீங்க. நானும் தெரிஞ்சேதான் டிக் போட்டேன்."

சலசலப்பு. சித்தப்பா எரிந்து விழுந்தார். "ஏ புள்ள, ஒனக்குச் சாதகமாத்தான முடிஞ்சிருக்கு? எதுக்கு இழுத்து விடுற?"

"எனக்குச் சாதகமா முடிஞ்சதாலதான் சொல்றேன்," என்றேன். "ஒத்துக்கிறவங்க ஜன்னல் பக்கம் போங்க. ஒத்துக்காதவங்க வாசல் பக்கம். நின்னு காட்டுங்க, எண்ணிக்கலாம். புருசன் நிக்குற எடத்துலதான் நிக்கணும்னு சட்டத்துல எங்கயும் எழுதல."

முதலில் யாரும் நகரவில்லை. பிறகு எதிர்வீட்டு அக்கா எழுந்து சேலையை உதறிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். சித்தப்பா வாசல் பக்கம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பின்னால் ஆண்கள் மளமளவென்று போனார்கள். கெட்டிக்காரத்தனமாக வீட்டைத் தொலைத்துவிட்டேனோ என்று தோன்றியது. அப்போது சித்தி, சித்தப்பாவின் மனைவி, அவருக்குப் பின்னால் இரண்டடி நடந்தவள், நின்றாள். திரும்பினாள். கொட்டகையின் குறுக்கே நடந்து ஜன்னல் பக்கம் போய்ச் சேர்ந்தாள். நாற்பது வருடம் அவர் சொல் தட்டாதவள். அதன் பிறகு பெண்கள் வர வர, மகள்களை மட்டும் பெற்ற அப்பாக்களும் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள்.

நான் நடுவில் நின்று எண்ணினேன். ஜன்னல் பக்கம் ஐம்பத்தேழு. வாசல் பக்கம் ஐம்பத்தொன்று.

சித்தப்பா சித்தியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மேசைக்கு வந்து என் கையிலிருந்த பேனாவை வாங்கினார். "நான் இத ஒத்துக்கல. இப்பவும் சொல்றேன், தப்பு," என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு தாளிலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பதினாலு தாள். கடைசித் தாளையும் போட்டு முடித்துப் பேனாவை மூடி என்னிடம் நீட்டினார்.

"மேக்காலப் பக்கம் கூரை ஷீட்டு ஒடஞ்சு கெடக்கு. மழைக்கு முன்னால வெரசா மாத்திரு தாயி," என்றார். "இனிமே சங்கம் வந்து மாத்தாது. ஒன் வீடு."

நூற்றெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, நான் அங்கேயே அழுதேன்.