இரண்டு முகமும் ஒரே தூரத்தில்

அண்ணி பல் பிடுங்கிக்கொண்டு வந்த மாலையில்தான் அந்தப் பேச்சு நடந்தது. கன்னம் ஒரு பக்கம் வீங்கி, கடைவாயில் பஞ்சை அதக்கிக்கொண்டு, தோள்பையைக்கூடக் கழற்றாமல் நேரே சமையலறைக்குள் வந்து நின்றாள். சின்னவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ரொம்ப வலிக்குதா அண்ணி?”

“வலிய விடு. அங்க ஒரு பொண்ணப் பாத்தேன்.”

“எங்க?”

“பல் டாக்டர்கிட்டதான். வாசல்ல உக்காந்து டோக்கன் குடுக்குறா. நான் டோக்கன வாங்காம அவ மூஞ்சியவே பாத்துட்டு நிக்கிறேன். பின்னாடி நின்ன ஆளு, ‘உங்களுக்குப் பிரச்சினை பல்லுலயா, தலையிலயா’ங்குறாரு.”

சின்னவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தாள்.

“அவ்வளவு அழகா?”

“அழகுன்னு சொல்ல மாட்டேன். பல்லு கொஞ்சம் எடுப்பு. பல் டாக்டர்கிட்டயே வேலை பாத்துக்கிட்டு அத சரி பண்ணிக்காம இருக்கா பாரு, எனக்கு அதுவே பிடிச்சிருக்கு.”

“அப்புறம் என்னவாம்?”

“வெளிச்சம் அவ மேல தானா வந்து உக்காருது அம்மாடி. வெறும் டியூப் லைட்டு. அதுக்கே அப்படி.”

அத்தோடு விட்டிருக்கலாம். சின்னவள் விடவில்லை.

“என் மேல?”

அண்ணி பஞ்சை நாக்கால் சரிசெய்துகொண்டாள். நேரம் எடுத்துக்கொண்டாலும் பொய் சொல்ல வராது அவளுக்கு. “உன் மேல நாமதான் உக்கார வைக்கணும். அதுல என்ன? அதுக்குத்தான நான் இருக்கேன்.”

பின்பாதியை அண்ணி ஆசையாகத்தான் சொன்னாள். சின்னவளின் காதில் முன்பாதி மட்டும் தங்கிவிட்டது.

அண்ணனைக் கட்டிக்கொண்டு அண்ணி இந்த வீட்டுக்கு வந்து அப்போது மூன்று வருடம் முடிந்திருந்தது. வந்த அன்று ஒரு கறுப்புப் பையை மட்டும் யாரையும் தூக்க விடவில்லை. உள்ளே நகைதான் இருக்கும் என்று அம்மா உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தாள். திறந்து பார்த்தால் மூன்று லென்ஸும் தூசி தட்டுகிற ஒரு தூரிகையும். “இத வச்சு என்னம்மா பண்ணுவ?” என்று அம்மா கேட்டதற்கு, “உங்கள எடுப்பேன் அத்தை,” என்று சொல்லி அங்கேயே எடுத்தும் விட்டாள். ஏமாற்றத்தோடு இருக்கும் அம்மாவின் அந்தப் படம்தான் வீட்டிலேயே அம்மா நன்றாக விழுந்த படம்.

சாவி வெட்டும் கடைக்கு மேலே ஒற்றை அறை அவளுடைய ஸ்டூடியோ. கீழே சாவி அரைக்க ஆரம்பித்தால், பாஸ்போர்ட் படத்துக்காக மேலே உட்கார்ந்திருப்பவர்கள் தங்களை அறியாமல் பல்லைக் கடித்துக்கொள்வார்கள். அரைப்பது நின்றதும் ஒரு நொடி முகம் தளரும். அந்த நொடிக்காக விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். யாரிடமும் “சிரிங்க” என்று சொன்னதில்லை. “மூச்ச விடுங்க” என்பாள். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத பெரியவரைப் பார்த்து “தாடையக் கொஞ்சம் இறக்குங்க” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டதும் உண்டு.

அண்ணி வரும்வரை சின்னவள் படங்களின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறவளாகத்தான் இருந்தாள். அவள் நெற்றியைக் காட்டி, “மைதானம். ரெண்டு அணி தாராளமா ஆடலாம்” என்று அண்ணன் சொல்வான். பள்ளிக்கூட அலுவலகத்தில் சான்றிதழ் தட்டச்சு செய்வது அவள் வேலை. அங்கேயும் எல்லாரும் அவளுக்குப் பின்னாலிருக்கும் அலமாரியைப் பார்த்துத்தான் பேசுவார்கள். அண்ணி வந்த இரண்டாம் வாரம், ஜன்னலோரம் முடி உலர்த்திக்கொண்டிருந்தவளைப் பார்த்து “அப்படியே இரு அம்மாடி” என்றாள். அந்தப் படம் பெரிதாகி ஸ்டூடியோ வாசலில் தொங்கியது. “யாருங்க இது, நடிகையா?” என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் இருவரும் எங்காவது வெளியே கிளம்பிவிடுவார்கள், கரையோரம், பூங்கா, சரக்கு ரயில் நிற்கும் இடம் என்று. அந்த ஞாயிறுகளில் அண்ணியின் லென்ஸுக்கு முன்னால் வேறு யாரும் நின்றதில்லை. யாரோ ஒருத்திக்காவது தான்தான் முதல் ஆள் என்ற நினைப்பில் சின்னவள் மற்ற ஆறு நாட்களையும் ஓட்டிவிடுவாள்.

பல் பிடுங்கிய வாரமே மழைக்கோட்டுக் கடைக்காரர் வந்தார். கடை வாசலில் பெரிய பலகை வைக்க வேண்டும், அதற்குப் படம் வேண்டும், படத்தில் இரண்டு பெண்கள் வேண்டும் என்றார். “ஒருத்தி கோட்டுப் போட்டு நின்னா, பாவம், வேலைக்குப் போறான்னு தோணும். ரெண்டு பேர் நின்னா ஊர் சுத்தப் போறாங்க. எனக்கு ஊர் சுத்துற கோட்டுதான் விக்கணும்.”

அண்ணி சின்னவளைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டாமவள் யார் என்று சின்னவள் கேட்கவே இல்லை.

கால்வாயின் மேல் உள்ள நடைபாலத்தில் காலை ஆறரைக்கு வரச் சொல்லியிருந்தாள் அண்ணி. டோக்கன் பெண் ஆறே காலுக்கே வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். நெடுநெடுவென்று இருந்தாள். ஒரே ஒரு நாள் பழக்கத்தில் அண்ணி அவளுக்கு ‘டோக்கன்’ என்றே பெயர் வைத்துவிட்டிருந்தாள். அவளும் அதற்குத் திரும்பினாள்.

“இவங்கதானா அந்தப் படத்துல இருக்கிறவங்க? அக்கா, நேர்ல இன்னும் நல்லா இருக்காங்க. நான் போயிடவா?”

“போனா கோட்ட யாரு போடுறது?”

“இந்த வெயில்ல மழைக்கோட்டா! ஊசி போடாம பல்லப் பிடுங்குற மாதிரி இருக்கே.”

அண்ணி சத்தமாகச் சிரித்தாள். வேலை நேரத்தில் அண்ணி சிரித்து சின்னவள் பார்த்ததில்லை. டோக்கனுக்கு நீலக் கோட்டு, சின்னவளுக்கு மஞ்சள். டோக்கனின் காலரைச் சரிசெய்யும்போது அண்ணி கொண்டை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக அப்படி ஊசியைக் கடித்துக்கொண்டு அவள் திருத்தியது ஒரே ஒரு தலையைத்தான். ஊசியை எடுத்துவிட்டு, “முடிய ஒதுக்கிக்கோ அம்மாடி,” என்றாள். சின்னவள் தன் முடியை ஒதுக்கிக்கொண்டாள். சொன்னது தனக்கில்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

இருவரைச் சேர்த்து எடுப்பதற்கு அண்ணியிடம் ஒரு முறை இருந்தது. வெளிச்சம் குறைவான காலையில் லென்ஸை முழுக்கத் திறந்துதான் எடுப்பாள். அப்படி எடுத்தால் ஒரு உள்ளங்கை ஆழத்துக்குத்தான் கூர்மை நிற்கும். அதற்கு முன்னாலும் பின்னாலும் எல்லாம் பஞ்சாகிவிடும். அதனால் கேமரா நிற்கும் முக்காலியின் கழுத்தில் ஒரு நைலான் கயிறு கட்டியிருப்பாள். அதை இழுத்து, அதிலிருக்கும் முடிச்சை முதலில் ஒருத்தியின் கண்ணோரத்தில் வைப்பாள், பிறகு மற்றவளின் கண்ணோரத்தில். இரண்டு முகமும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். முடிச்சு இருவரையும் தொட்டதும், “இனி இமை மட்டும்தான் ஆடலாம்,” என்பாள்.

முடிச்சு டோக்கனின் கண்ணோரத்தில் இருந்த நேரம், தன்னுடையதில் இருந்ததைவிட அதிகம் என்று சின்னவளுக்குப் பட்டது. எண்ணிக்கூடப் பார்த்தாள். அங்கே ஆறு எண்ணிக்கை, இங்கே நான்கு.

“டோக்கன், மூச்ச விடு. ஆங். அப்படியே. ஐயோ, இது போதும் எனக்கு.”

இந்த ‘ஐயோ’வைச் சின்னவள் இதுவரை கேட்டதில்லை. பக்கத்தில் நிற்பவளின் கன்னத்தில் வெயில் விழுந்திருப்பது பார்க்காமலே தெரிந்தது. தன் கன்னத்தில் என்ன விழுந்திருக்கிறது என்றுதான் தெரியவில்லை. அண்ணியிடமிருந்து மூன்று வருடத்தில் அவள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு: கேமராவுக்குக் கிட்டே இருக்கிற கண்ணுக்குத்தான் கூர்மை. தனியாக நிற்கும்போதெல்லாம் அண்ணி அந்தக் கண்ணைத்தான் பிடிப்பாள். அப்படியென்றால் நான்கு விரல் முன்னால் போனால் போதும், கூர்மை இங்கே வந்துவிடும், அந்தப் பக்கம் பஞ்சாகும். யோசித்துச் செய்தாள் என்றும் சொல்ல முடியாது, தெரியாமல் செய்தாள் என்றும் சொல்ல முடியாது. காலை அசைக்காமல் கழுத்தை மட்டும் நீட்டினாள். வெயில் ஏறும்வரை அப்படியே நின்றாள். இடையில் டோக்கன், “உங்களுக்குக் கழுத்து வலிக்கலையா? நான் வேணா கொஞ்சம் பின்னாடி போகட்டுமா?” என்று காதோடு கேட்டாள். “வேணாம்,” என்றாள் சின்னவள்.

கேமராவின் சின்னத் திரையில் எல்லாருமே கூர்மையாகத்தான் தெரிவார்கள். அண்ணி திருப்தியாகப் பையைக் கட்டினாள்.

மதியம் ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் படங்களைப் பெரிதாக்கினாள். டோக்கனின் இமைமுடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். பக்கத்தில் மஞ்சள் கோட்டுக்கு மேலே தண்ணீரில் கரைந்தது போல ஒரு முகம். அடுத்த படம், அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. தனியாக ஒருத்தியை எடுக்கும்போதுதான் கிட்டே இருக்கும் கண்ணைப் பிடிப்பாள் அண்ணி. இருவர் என்றால் முடிச்சு நின்ற தூரத்தில் லென்ஸைப் பூட்டிவிட்டு அப்புறம் தொடவே மாட்டாள். இருவரை அவள் எடுத்து இதற்கு முன் பார்த்திராத சின்னவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

“முடிச்சு நழுவியிருந்தா ரெண்டு பேரும் மங்கியிருக்கணும்,” என்றாள் அண்ணி, திரையைப் பார்த்தபடி. “கோட்டு பட்டனப் பாரு, கீறல்கூடத் தெரியுது. மூஞ்சி இல்ல. கழுத்த மட்டும் நீட்டியிருக்க.”

“கால் வலிச்சுது அண்ணி.”

“கால் வலிச்சா கழுத்து நீளுமா?”

கீழே சாவி அரைக்கத் தொடங்கினார்கள். அது நிற்கும்வரை சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நின்ற பிறகும் அண்ணி திட்டவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லி அழுதிருக்கலாம்.

மறுநாளே திரும்ப எடுக்கலாம் என்றால் மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மழைக்கோட்டுக்குப் படம் எடுக்க மழை விடவில்லை. கடைக்காரருக்கோ அவசரம், மழை வந்துவிட்டது, பலகை வரவில்லை. படங்களைப் பார்த்தார். “இந்த நெட்டைப் பொண்ணு போதுமே. பக்கத்துல நிக்கிறது வழியில போற ஆளு மாதிரி இருக்கு.” அண்ணி, “அளவு எடுத்ததுல நான்தான் தப்பு பண்ணிட்டேன், ரெண்டு நாள் குடுங்க” என்று கேட்டுப் பார்த்தாள். நடக்கவில்லை.

பலகை ஏறியது. பஸ்ஸில் போகும்போது சின்னவள் அதைப் பார்த்தாள். ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு உயரத்தில் டோக்கன், மழையில் நனைந்துகொண்டு, மழைக்கோட்டில் சிரித்தாள். அவள் தோளுக்குப் பக்கத்தில், வெட்ட முடியாமல் விட்ட மஞ்சள் கையுறை போல ஒரு துண்டு. உற்றுப் பார்த்தால்தான் அது ஒரு ஆளின் முழங்கை என்று தெரியும்.

டோக்கன் அதற்குப் பிறகு வரவில்லை. மழை விட்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பழையபடி அண்ணியும் சின்னவளும் மட்டும் போனார்கள். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது போலத்தான் இருந்தது. ஆனால் படங்களைப் பார்த்தபோது, ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் இன்னொரு ஆள் நிற்கும் அளவுக்கு அண்ணி இடம் விட்டிருந்தாள். அவளுக்கே தெரியாமல் விட்டிருப்பாள். இல்லாதவள்மேல் இவ்வளவு எரிச்சல் வரும் என்று சின்னவள் நினைத்ததே இல்லை.

மூன்றாவது ஞாயிறு திரும்பி வரும்போது, பஸ் நிறுத்தத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி கேட்டாள். “அவ ஏன் வரலன்னு தெரியுமா?”

“வேலை இருக்கும்.”

“ஞாயித்துக்கிழமை யாரு பல்லப் பிடுங்குறா?” அண்ணி பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பலகையப் பாத்துட்டு அழுதிருக்கா. ‘அக்கா, அவங்க மூணு வருஷமா நின்ன இடம். நான் ஒரே நாள்ல வந்து அவங்களைத் தள்ளிவிட்டுட்டேன். இனிமே கூப்பிடாதீங்க’ன்னுட்டா. கழுத்து வலிக்குதான்னு கேட்டாளாமே உன்கிட்ட? அப்பவே தான் நகர்ந்திருக்கணுமாம். தப்பு அவளோடதாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்ன சொல்றது? என் அளவு தப்புன்னேன். அவ நம்பல. மத்தது நான் சொல்ல முடியாது. அது உன்னோடது.”

சின்னவளுக்கு முகம் சுட்டது. அண்ணிமேல் கோபம் வந்தது. அந்தப் பெண் அழுததை அண்ணி இவ்வளவு நாள் மனதில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள் என்பதில் இன்னும் கோபம் வந்தது. தான் அழுதிருந்தால் இப்படி வைத்துக்கொண்டிருப்பாளா?

அண்ணி இந்த வீட்டில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட எழுந்துபோய்த் தானே தண்ணீர் எடுத்துக் குடித்தவள். இந்த வீட்டுக்கு வந்து அவள் முதன்முதலாக ஒரு உதவி கேட்டது, அதுவும் சின்னவளிடம், அன்று அந்த பஸ் நிறுத்தத்தில்தான். போனை எடுத்து, டோக்கனின் எண்ணைத் தேடி, சின்னவளின் கையில் வைத்தாள்.

“நான் கூப்பிட்டா வர மாட்டா. நீ கூப்பிட்டா வருவா. ஒரு தடவை எனக்காகக் கூப்பிடு.”