உள்ளே லைன் கிடையாது

அலுவலகத்தில் அவருக்குத் தபால்காரர் என்று பெயர். வாழ்நாளில் ஒரு கடிதத்தைக்கூட யார் வீட்டிலும் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை. ஊர் முழுவதற்கும் மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் அலுவலகம் அது. அதன் இரண்டாம் மாடியில் கம்ப்யூட்டர்கள் அடுக்கிய பூட்டிய அறை ஒன்று உண்டு; அவர் அதற்குப் பொறுப்பு. பெரிய கம்பெனிகள் இன்டர்நெட் வழியாக வாடகைக்கு விடுகிற கிளவுட் வசதியை, இந்த அலுவலகம் சொந்தச் சுவருக்குள்ளேயே நடத்திவந்தது. இன்டர்நெட் கம்பி ஒன்றுகூட அந்த அறைக்குள் நுழையாது. எவனோ எங்கோ உட்கார்ந்துகொண்டு ஊரை இருட்டாக்கிவிடக் கூடாதே என்றுதான் இந்த ஏற்பாடு.

கம்பி நுழையாவிட்டாலும் உள்ளே இருக்கிற மென்பொருளுக்கு அவ்வப்போது திருத்தங்கள் போய்ச் சேரவேண்டும். முன்னறையில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் அவற்றை இறக்கி, பக்கத்தில் இருக்கும் இன்னொன்றில் வைரஸ் சோதனை செய்து, ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, கையில் பிடித்துக்கொண்டு கதவைத் தாண்டுவது அவர் வேலை. அதனால் தபால்காரர். பெயர் வைத்தது கணக்குப் பிரிவு. அங்கேதான் அதற்கெல்லாம் நேரம் இருந்தது.

இந்த வேலையில் ஒரு தொல்லை உண்டு. அடுப்பைப் பற்றவைத்த பிறகு உப்பு வாங்க மறந்தது நினைவுக்கு வருகிற மாதிரி, உள்ளே போய்த் திருத்தத்தைப் போட ஆரம்பித்த பிறகுதான் அது துணைக்கு இன்னொரு மென்பொருள் கோப்பைக் கேட்கும். வெளியுலகக் கம்ப்யூட்டராக இருந்தால் தானே போய் எடுத்துக்கொள்ளும். இங்கே அவர்தான் மறுபடி வெளியே வந்து, இறக்கி, சோதித்து, திரும்ப உள்ளே போகவேண்டும். முணுமுணுத்துக்கொண்டே செய்வார். ஆனால் உள்ளே போவதில் அவருக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை.

காரணம் இருந்தது. உள்ளே போகிறவர்கள் கைபேசியை முன்னறைச் சுவரில் இருக்கும் தகரப் பெட்டிகளில் பூட்டிவிட்டுத்தான் போகவேண்டும். மற்றவர்களுக்கு அது சிறை. தபால்காரருக்கு, உள்ளதைச் சொன்னால், சொர்க்கம். அங்கே குளிர் உண்டு, விசிறிகளின் இரைச்சல் உண்டு, மனிதக் குரல் கிடையாது. வேலை முடிந்த பிறகும் நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். சும்மா இருப்பதே சுகம் என்று சொன்னவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் சொல்லியிருக்கவேண்டும்.

மனிதக் குரலோடு அவருக்கு என்ன பகை என்றால், பகை ஒன்றும் இல்லை. அவருக்கு ஓர் அக்கா இருந்தாள்.

அக்கா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட, தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியது அவளுடைய சம்பளம். கணவரும் போன பிறகு, பிள்ளைகள் இல்லாமல், தம்பி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். கூட வந்து இரு என்றால், என் வாய்க்கு உங்கள் வீட்டுச் சுவர் தாங்காது என்பாள். ஆயுள் முழுக்க அடுத்தவர்கள் பேச லைன் கொடுத்தவளுக்கு இப்போதுதான் தான் பேச நேரம் கிடைத்தது. குழாய் ஒழுகுவதும், எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டதும், கம்பெனிக்காரன் மாத்திரையின் நிறத்தை மாற்றிவிட்டதும் உடனுக்குடன் தம்பிக்குத் தெரிந்தாகவேண்டும். ஒவ்வொரு அழைப்பும் “சாப்டியா” என்று ஆரம்பிக்கும். எங்கே போய் முடியும் என்று அவளுக்கே தெரியாது.

கண்ணாடி இல்லாமல் எண்களைத் தேடித் தடுமாறுகிறாளே என்று, அவளுடைய பழைய பொத்தான் போனில் ஒன்றாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் தனக்கு வரும்படி அமைத்துக் கொடுத்தவர் அவரேதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன் என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு விடுமுறை நாளில் அக்கா வீட்டுக்கு வந்திருந்தபோது இந்த அறையைப் பற்றிப் பேச்சு வந்தது. மேகத்துக்குத்தானே கிளவுட் என்று பேர், அதை எதற்கு ரூமுக்குள் பூட்டி வைத்திருக்கிறீர்கள், மழை வராமல் போனதற்கு நீதான் காரணமா என்று கேலி செய்துவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தாள்.

“செல்போன் பெட்டிக்குள்ள போயிடுது, சரி. ஒரு லேண்ட்லைன்கூடவா இல்ல?”

“உள்ள லைனே கிடையாதுக்கா. அவசரம்னாலும் ஒண்ணும் பண்ண முடியாது.”

அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். லைன் இல்லாத ஆபீஸைத் தான் பார்த்ததில்லை என்றாள். பிறகு, இருந்தாலும் இருக்கும், இந்தக் காலத்தில் எதைத்தான் நம்ப முடிகிறது என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போனாள்.

முன்னறையில் காவலாளியின் மேஜைமேல் லேண்ட்லைன் இருந்தது. எண்ணை மனைவிக்குக் கொடுத்திருந்தார். மறந்தும் அக்காவிடம் சொல்லிவிடாதே என்றும் சொல்லியிருந்தார். மனைவி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அண்ணி என்று அவள் கூப்பிடும் அக்காவின் பேச்சைப் பாதி நாள் தாங்குகிறவள் அவள்தானே.

அந்த நாளும் மற்ற நாட்களைப் போலத்தான் ஆரம்பித்தது. பெரிய திருத்தம் ஒன்று வந்திருந்தது. கைபேசியைப் பூட்டிவிட்டு டிஸ்க்கோடு உள்ளே போனார். பாதியில் அது வழக்கம்போல இன்னொரு கோப்பைக் கேட்டது. சலித்துக்கொண்டே முன்னறைக்கு வந்து, கோப்பை இறக்கவிட்டு நின்றார். சுவரில் அவருடைய தகரப் பெட்டி உர்ரென்று அதிர்ந்துகொண்டிருந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

“சார், உங்க பெட்டி ரொம்ப நேரமா கத்துது,” என்றார் காவலாளி.

“எங்க அக்காவா இருக்கும்ணே. குழாய் ஒழுகுதும்பாங்க. விடுங்க.”

பெட்டி கைக்கெட்டும் தூரம். சாவி சட்டைப் பையில். கோப்பு இறங்கி, சோதனை முடிகிற வரைக்கும் அங்கேதான் நின்றார். தகரம் அதிர்வதும் ஓய்வதுமாக இருந்தது. எடுத்தால் அரை மணி நேரம் போய்விடும் என்று நினைத்தார். டிஸ்க்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வேலையை முடித்தார். முடித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்பதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவர்தான் இன்றுவரை தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

காவலாளி உள்கதவின் மணியை அடித்தார். லேண்ட்லைனில் மனைவி. பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போன எதிர்வீட்டம்மாள், அக்கா தரையில் கிடப்பதைப் பார்த்துச் சத்தம் போட்டிருக்கிறாள். பக்கவாதம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாயிற்று, உடனே வரவேண்டும். இல்லாத லைன் முதல் அழைப்பிலேயே கிடைத்துவிட்டது. தகரப் பெட்டியைத் திறந்தபோது திரை முழுக்க அக்கா, அக்கா, அக்கா என்று ஒரே பெயர்.

எப்போது விழுந்தார்கள் என்று டாக்டர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. தபால்காரர் கைபேசியை நீட்டினார். முதல் அழைப்பு காலையிலேயே வந்திருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, அப்போதே கொண்டுவந்திருந்தால் ஓர் ஊசி இருக்கிறது, போட்டுப் பார்த்திருக்கலாம், இப்போது நேரம் தாண்டிவிட்டது என்றார். குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

எதிர்வீட்டம்மாள்தான் அவருக்காக வாதாடினாள். “பாவம், இவருக்கு எப்படித் தெரியும் டாக்டர்? இவர் வேலை பாக்குற எடத்துல லைனே கிடையாது. அவங்களே எங்ககிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்காங்க.”

தம்பி சொன்ன பொய்யை அக்கா தெரு முழுக்கப் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தாள். மனைவி குனிந்து தரையைப் பார்த்தாள். தபால்காரர் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அக்கா பிழைத்தாள். வலது கையும் காலும் போயின. அதைவிடப் பெரியது, பேச்சு போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. சிலருக்கு அப்படி ஆகும், சொல்ல நினைப்பது உள்ளே இருக்கும், வாயில் வருவது அந்த ஒன்றுதான் என்றார் டாக்டர். அக்காவுக்கு மிஞ்சியது “சாப்டியா.” தாகம் எடுத்தாலும் சாப்டியா, முதுகு வலித்தாலும் சாப்டியா. டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்வதும் அதுதான், கோபித்துக்கொள்வதும் அதுதான்.

இப்போது அவள் தம்பி வீட்டு முன் அறையில், ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவருக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். என்ன செய்வது, அந்த மாதிரி வேலை, உங்கள் கையில் என்ன இருக்கிறது என்றார்கள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதை இவ்வளவு அன்பாகக்கூடச் செய்ய முடியும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருடைய நெஞ்சைக் குடைந்தது. அந்தக் குளிர்ந்த அறையும் கைவிட்டுவிட்டது. விசிறிகளின் இரைச்சலுக்குள் தகரம் அதிர்கிற சத்தம் கேட்டது. வேலை முடிந்ததும் எழுந்து வெளியே ஓடிவந்தார். யாருடைய பெட்டி அதிர்ந்தாலும் முதலில் திரும்பிப் பார்த்தார்.

ஒருநாள் மனைவி, அக்காவின் துணிகளை மடித்துக்கொண்டே பேச்செடுத்தாள். “நம்பர் எனக்கும் தெரியும். நான் அண்ணிகிட்ட கொடுத்திருக்கலாம். அதுக்கு நான் அழுதாச்சு. நீங்க இப்படி உள்ளுக்குள்ளயே வெச்சுக்கிட்டுத் திரியாதீங்க. போய் அவங்ககிட்டயே சொல்லிடுங்க.”

அவளுக்கும் பாதிதான் தெரியும். பெட்டி அதிர்ந்ததை அவர் அவளிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று மாலை கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அக்கா ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா. ஆபீஸ்ல லைன் இருக்கு. அப்பவும் இருந்துச்சு. நான் பொய் சொன்னேன். அன்னிக்கு நீ கூப்பிட்டப்போ நான் வெளியதான் நின்னுட்டிருந்தேன். பெட்டி அதிர்றது கேட்டுச்சு. நீதான்னு தெரிஞ்சுதான் எடுக்கல.”

அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள்.

“சாப்டியா,” என்றாள்.

திட்டினாளா, போகட்டும் விடு என்றாளா, இல்லை உண்மையாகவே சாப்பிட்டாயா என்றுதான் கேட்டாளா? என்ன சொன்னாய் என்று கேட்டால் அதற்கும் அதே சொல்தான் வரும். இடது கையால் ஓர் அறை கொடுத்திருந்தால் அவருக்கு அன்று தூக்கம் வந்திருக்கும்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனதும் காவலாளியின் மேஜைக்கு முன்னால் நின்றார். அக்காவின் போனில் இரண்டாம் எண்ணில் இந்த லேண்ட்லைனைப் பதிந்து கொடுக்கப் போவதாகவும், இனி அக்கா கூப்பிட்டால் எந்த வேலையில் இருந்தாலும் மணியடித்துத் தன்னை வெளியே கூப்பிட்டுவிடவேண்டும் என்றும் சொன்னார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை என்று அவருக்கே தெரியும். காவலாளி மேஜையைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

“அம்மாவுக்கு இந்த நம்பர் தெரியும் சார்,” என்றார்.

தபால்காரருக்கு விளங்கவில்லை.

“டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தவங்க. ஒரு ஆபீஸ் நம்பரைக் கண்டுபிடிக்க அவங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மத்தியானத்துல கூப்பிடுவாங்க. தம்பி சாப்டானான்னு கேப்பாங்க. சாப்டாரும்மான்னு சொன்னா வெச்சிடுவாங்க. உங்களக் கூப்பிடட்டுமான்னு ஒரு தடவை கேட்டேன். வேணாம், லைன் இல்லன்னு சொல்லியிருக்கான், இல்லாமயே இருக்கட்டும், அவனுக்குக் கொஞ்ச நேரம் நிம்மதி வேணும்போலன்னு சொன்னாங்க. நான் கேட்டேன்னு அவன்கிட்ட சொல்லிடாதீங்கன்னு சத்தியம் வாங்கிட்டாங்க.”

அக்கா ஒரே வார்த்தையோடு போனை வைத்திருக்கிறாள். அதை அவரால் நம்ப முடியவில்லை.

“அன்னிக்கு உங்க வீட்ல இருந்து கூப்பிடுற வரைக்கும் இந்த போன் அடிக்கவே இல்ல சார். அடிச்சிருந்தா நானே உங்களக் கூட்டிட்டு வந்திருப்பேன்,” என்று காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எப்படி அடிக்கும்? பாதி உடம்பு செத்துத் தரையில் கிடந்தவளின் ஒற்றை விரலால் நீளமான ஒரு எண்ணை எப்படி அழுத்த முடியும்? எட்டியது ஒரே ஒரு பொத்தான். அதில் தன் எண்ணைப் பதித்துக் கொடுத்தவர் அவர்தான்.

டிஸ்க் மேஜைமேல் காத்திருந்தது. தபால்காரர் காவலாளியின் ஸ்டூலில் உட்கார்ந்து, ரிசீவரை எடுத்து, அக்காவின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினார். அந்த போனிலிருந்து அவர் அவளைக் கூப்பிடுவது அதுவே முதல் தடவை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. இடது கை போனைத் தேடி எடுக்க நேரமாகும். கடைசியில் யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

“சாப்டியா,” என்றாள் அக்கா.

“இன்னும் இல்லக்கா. ஆபீஸ் லைன்லேர்ந்துதான் பேசுறேன். நீ பேசு.”

அக்கா பேசினாள். சாப்டியா, சாப்டியா, சாப்டியா என்று அந்த ஒரே சொல்லை ஏற்றியும் இறக்கியும், இழுத்தும் நிறுத்தியும், நடுவில் சிரித்தும், எதையோ நீளமாகச் சொல்லிக்கொண்டே போனாள். குழாயாக இருக்கலாம், பூனையாக இருக்கலாம், அன்று தரையில் கிடந்த காலைப்பொழுதாகவும் இருக்கலாம். தபால்காரர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, அவள் முடிக்கிற வரைக்கும் கேட்டார். அவள் சொன்னது என்ன என்றுதான் அவருக்குத் தெரியவே இல்லை.