செவ்வாய்க்கிழமைக்கு வைத்த இறால் தலைகள்

அன்று கேற்றடியில் நின்றவர்கள் ஐந்து பேர்: நான், என் கணவர், வீட்டுக்கார அன்ரி, மாநகர சபையின் குப்பை ட்ரக்டரை ஓட்டி வந்தவர், பின்பெட்டியில் நின்று குப்பை வாங்குகிறவர். எதிர்வீட்டுச் சன்னல் திறந்திருந்ததா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

தன்னாமுனையிலிருந்து நாவற்குடாவுக்கு நாங்கள் வாடகைக்கு வந்து இரண்டு மாதமாகியிருந்தது. பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். ஆனால் அது வேறு சபை, இது வேறு சபை. அங்கே சமையல் கழிவைப் பற்றி எங்களை யாரும் கேட்டதில்லை. தென்னையடி மணலில் வெட்டிய ஒரு கிடங்கு. போட்டு மண்ணைத் தள்ளினால் முடிந்தது. மிச்சத்தை ஒரே பையில் கட்டிக் கொடுத்துவிடுவோம். இங்கே செவ்வாய்க்கிழமை மண்ணோடு மண்ணாய் உக்குகிற குப்பை வாங்குவார்கள், வெள்ளிக்கிழமை பிளாஸ்டிக் போல உக்காதது. அன்ரியின் வளவோ, கிணற்றடியைத் தவிர முழுக்கச் சீமெந்து.

வந்த முதல் வாரம் பழைய பழக்கத்தில் எல்லாவற்றையும் ஒன்றாய்க் கட்டி வைத்தேன். வாங்காமல் போய்விட்டார்கள். காகங்கள் கிழித்து ஒழுங்கை முழுக்கப் பரப்பின.

"இன்னொருக்கா எண்ட கேற்றடியில குப்பை கிடந்தா, வேற வீடு பாருங்க மனே" என்றா அன்ரி. சத்தம் போடாமல் சொன்னதுதான் எனக்குப் பயம். இந்த வாடகைக்கு, கணவரின் வேலைக்கு நடந்து போகும் தூரத்தில், வேறு வீடு எங்கே கிடைக்கும்?

எது உக்கும் என்று சபை தந்த துண்டுக் காகிதத்தை மூன்று தடவை வாசித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அதில் முட்டைக்கோது இருந்தது, வாழைத்தோல் இருந்தது. இறால் தலை இல்லை. இதுகூடத் தெரியாதா என்பார்களோ என்று யாரையும் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை வாவி இறால் ஒரு கிலோ வாங்கினோம். தலைகளைச் செவ்வாய்வரை வைத்தால் நாறும். அன்ரியின் பிரிட்ஜில் ஐஸ் தட்டின் ஒரு மூலையை எங்களுக்கு விட்டுத் தந்திருந்தா. தலைகளைச் சொப்பிங் பையில் முடிந்து அங்கே ஒளித்து வைத்தேன்.

செவ்வாய் வந்தது. குப்பை வாங்குகிறவர் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, செங்கல்லா?"

"இறால் தலை அண்ணன். உக்கும்தானே?"

"தலை உக்கும். பேக் உக்காதே. பிரிச்சுத் தாங்க."

பை இறாலோடு சேர்ந்து உறைந்திருந்தது. கணவர் இழுத்துப் பார்த்தார். இறால் மீசைகள்தான் ஒடிந்து வந்தன.

ஓட்டி வந்தவர் திரும்பிப் பார்த்தார். "அண்ணன், இது குப்பை வண்டி. ஐஸ்கிறீம் வேன் பின்னால வருது."

அவர்கள் இருவரும் சிரித்த சத்தத்துக்கு அன்ரி வெளியே வந்தா.

"இது எண்ட பிரிட்ஜில இருந்ததெல்லோ? நல்ல இறாலெண்டு நினைச்சு, ஞாயித்துக்கிழமை ஒரு பிடி கேப்பமா எண்டு யோசிச்சனான்!"

"ஐஸ் கரையுமட்டும் நிக்க ஏலா" என்று ட்ரக்டர் போய்விட்டது. அன்ரி சொன்ன அதே கேற்றடியில் எங்கள் குப்பை மறுபடியும் கிடந்தது.

அவ வாய் திறக்குமுன் நானே சொன்னேன்: "நாங்க வேற வீடு பார்க்கிறம் அன்ரி."

"ஆர் இப்ப போகச் சொன்ன? தன்னாமுனையில இதை என்ன செய்தநீ?"

"தென்னையடிக் கிடங்கில போட்டுத் தாட்டம்."

"எண்ட கிணத்தடியிலயும் ஒரு தென்னை நிக்குது. கிடங்கு வெட்ட விடமாட்டன், தண்ணி பழுதாப் போயிரும். குப்பையை உக்கவச்சுப் பசளையாக்குற பீப்பா ஒண்டு வாங்குவம். பாதி நீ, பாதி நான். காசை நான் குடுக்கிறன், நீ மாசம் மாசம் தா."

வாவியும் ஒன்றுதான், இறாலும் ஒன்றுதான். அங்கே தென்னைக்குப் பசளையாய்ப் போனது, பஸ் ஏறி இங்கே வந்ததும் என் நித்திரையைக் கெடுத்தது. சட்டத்தில் பிழை சொல்ல மாட்டேன். இங்கே வீடும் கிணறும் நெருக்கம். ஒருவரைக் கேட்டிருந்தால் போதும். நான்தான் கேட்கவில்லை.

இப்போது பீப்பா கிணற்றுக்குத் தள்ளி, மதிலோரம் நிற்கிறது. என் பாதி மூவாயிரத்து ஐநூறு. வாடகையோடு ஐநூறு ஐநூறாய்க் கொடுக்கிறேன். மிச்சத்தை ஒரேயடியாய்க் கொடுக்கக் கையில் காசு இருக்கிறது. ஆனாலும், கடன் மிச்சம் இருக்கும்வரை அன்ரி போகச் சொல்ல மாட்டா என்று மனம் சொல்கிறது. இந்த மாதமும் ஐநூறுதான் கொடுத்தேன். இன்னும் ஆயிரத்து ஐநூறு ரூபாய் கொடுக்க இருக்கிறது.